தனிப் படிப்புக்கு ஐந்து பேர்

முதுகலை படிக்கும் அவளுக்கு நிலத்தடி நீரைப் பற்றித் தனியாக ஒரு பாடம் படிக்க ஆசை. அதற்கென்று வகுப்பு எதுவும் இல்லை. மூன்று வாரம் நடையாய் நடந்தபின், பேராசிரியை ஒருவர் வழிநடத்தச் சம்மதித்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அதை அலுவலகத்தில் கொடுத்தாள்.

"குறைஞ்சது அஞ்சு பேர் சேரணும்மா," என்றார் எழுத்தர்.

"தனிப் படிப்புக்கா சார்?"

"எந்தப் பாடமா இருந்தாலும் விதி ஒண்ணுதான்."

கெஞ்சிக் கூத்தாடி நான்கு பேரைப் பிடித்துக்கொண்டு பேராசிரியையிடம் போனாள். அவர் தலையில் கைவைத்தார்.

"ஒருத்திக்குச் சொல்லித்தரத்தான்மா எனக்கு நேரம் இருக்கு!"

நால்வரும் நழுவினார்கள். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. படிவத்தைக் கிழித்துப் போட்டாள்.

"மார்க்கே வேணாம் மேடம். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வந்து படிச்சிட்டுப் போறேன்."

"ஒன்பதுக்கு வா," என்றார் பேராசிரியை. "லேட்டா வந்தா கதவைச் சாத்திடுவேன்."