தாளில் அமிழ்ந்த கருமை

வெண்பனி போர்த்த மலைகள் இருபுறமும் நெருங்கி நிற்க, அவற்றினிடையே உறைந்தும் உறையாமலும் நரின் ஆறு ஊர்ந்து செல்ல, அவ்வாற்றின் பெயரையே தாங்கிய சிற்றூரின்மேல் மாசித் திங்களின் பிற்பகல் வெயில் சூடின்றிப் படர்ந்திருந்தது. கடைத்தெருக் கோடியில் ஒளிப்படம் அச்சிட்டுப் பிழைக்கும் எர்மெக், ஒரே படத்தை ஒன்பதாம் முறையாக அச்சுப்பொறியிலிருந்து உருவியெடுத்துச் சன்னலருகே பிடித்துப் பார்த்துப் பெருமூச்செறிந்தான்.

படத்தில் இருந்தவன் மிர்லான். வேற்று நாட்டில் கட்டட வேலைக்குப் போய், சாரம் சரிந்து, இருபத்தாறாம் அகவையில் மாண்டவன். மறுநாள் அவன் இறந்த நாற்பதாம் நாள் விருந்து. அவ்வூர் வழக்கப்படி விருந்துக்குக் குதிரை அறுத்தாயிற்று, உறவும் கூடியாயிற்று. தாய் அனார்குல் எர்மெக்கிடம் கேட்டது ஒன்றே: மகனுடைய கன்னங்கரிய தலைமுடி படத்திலும் அப்படியே தெரியவேண்டும்.

பளபளப்புத் தாளில் அது எளிது, அன்பரே. ஆனால் துக்கத்திற்காகக் கண்ணாடிகளைத் துணியால் மூடிவைத்திருக்கும் வீடு, எதிரே நிற்பவர் முகத்தைக் காட்டும் தாளை உள்ளே விடுமா? பளபளப்பில்லாத மங்கல் தாளோ மையை உறிஞ்சிக் குடித்துவிட்டுச் சாம்பல் நிறத்தையே திருப்பித் தந்தது. அத்தாளுக்கென்றே அமைந்த கரிய மை தீர்ந்துவிட்டது. தலைநகரிலிருந்து வரும் புட்டி, பனி அடைத்த கணவாய்க்கு அப்பால் வண்டியில் கிடந்தது. வண்டியோட்டியைத் தொலைபேசியில் அழைத்தான்.

"நாளன்னிக்குத்தான் வழி விடுவாங்களாம் அண்ணே. உங்க மைக்கு றெக்கை மொளைச்சா முன்னாடியே வரும்" என்றான் அவன்.

கையிலிருந்த பளபளப்புத் தாளுக்கான மையையே இருமடங்கு இறைத்துப் பார்த்தான் எர்மெக். தாள் நனைந்து நெளிந்ததே அன்றிக் கருமை கூடவில்லை. செய்வகை முழுதும் தெரிந்தும் செய்ய வழியின்றி நின்றவனுக்குத் தன்மீதே வெறுப்பு வந்தது.

வெயில் தாழ, அனார்குல் வந்தாள்.

"ஆச்சா தம்பி?"

"கறுப்பு நிக்க மாட்டேங்குதும்மா. தெரிஞ்சதெல்லாம் செஞ்சு பார்த்துட்டேன். தலை நரைச்ச மாதிரியே விழுது. என்னை மன்னிச்சிடுங்க."

அவள் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"அவன் நரைக்கிற வயசுல நான் உசுரோட இருந்திருக்கவே மாட்டேன்" என்றாள். "அதையும் இப்பப் பார்த்துட்டேன். இதையே குடு."

மூன்றாம் நாள் கணவாய் திறந்தது, மையும் வந்தது. எர்மெக் அப்படத்தை மீண்டும் அச்சிட்டான். இருந்தபோது எப்படி இருந்தானோ அப்படியே, இளமை மாறாது, கருமுடியோடு எழுந்துவந்தான் மிர்லான். அதனை அத்தாயிடம் கொண்டு சேர்க்கும் துணிவு மட்டும் எர்மெக்குக்கு இன்றளவும் வரவில்லை.