இரண்டு விரல் கூடுதல்

திங்கட்கிழமை தம்பிக்கு ராணுவ மருத்துவப் பரிசோதனை. அடுத்த மாதம் அவனுக்கு இருபத்தொன்று நிறைகிறது. அதற்குப் பிறகு சேர்க்க மாட்டார்கள். இதில் தவறினால் அவ்வளவுதான்.

ஓட்டத்தில் முதல் ஐந்து பேரில் வந்தவன். கண்ணில் பழுதில்லை. காதில் அழுக்கு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட, இரண்டு முறை போய்ச் சுத்தம் செய்துகொண்டு வந்தான். மூன்றாவது முறை கிளம்பியபோது, "காதையே கழட்டிக் குடுத்துட்டு வந்துடு" என்றேன். அவனுக்குப் பயமெல்லாம் மார்பளவுதான். குறைந்தது எழுபத்தேழு சென்டிமீட்டர் வேண்டும். எங்கள் வீட்டு ஒல்லிப்பிச்சானுக்கு அது மலை.

அளப்பதற்கு வெளியே போக வேண்டியதில்லை. அப்பா தையல்காரர். முன்னறைதான் கடை, வெட்டுவதும் தைப்பதும் அவர், காஜாவும் பட்டனும் நான். மூன்று மாதமாகத் தினமும் மாலையில் தம்பி சட்டையைக் கழற்றிவிட்டு வெட்டு மேசை அருகே வந்து நிற்பான். அப்பா டேப்பைச் சுற்றி அளவைச் சொல்வார். நான் சுவரில் பென்சிலால் குறித்துவைப்பேன். போன வாரமே எழுபத்தெட்டு. அன்றுதான் வீடு நிம்மதியாகச் சாப்பிட்டது.

வெள்ளிக்கிழமை அப்பா லைனிங் துணி வாங்கப் போயிருந்தார். "நீயே அளந்துடுக்கா" என்று வந்து நின்றான். அளந்தேன். எழுபத்தாறு. மறுபடியும் எழுபத்தாறு. "உனக்கு அளக்கத் தெரியலக்கா" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா வந்ததும் அவனை அளக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பார்த்தேன். டேப்புக்கும் மார்புக்கும் நடுவே அவருடைய இரண்டு விரல்கள். சட்டைக்கு அளவெடுக்கும்போது அப்படித்தான் விடுவார்; போட்டுக்கொள்கிறவர் மூச்சு விட வேண்டாமா? மூன்று மாதம் கூடவே நின்றும் இதை நான் கவனிக்கவில்லை. என் கண்ணை எங்கே அடகு வைத்திருந்தேனோ!

"அப்பா, விரல எடுங்க. அவனுக்கு என்ன சட்டையா தைக்கப் போறீங்க?"

"முப்பது வருஷக் கைப்பழக்கம்மா" என்றார். விரலை மட்டும் எடுக்கவில்லை.

தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. "நெஜமாவே எழுபத்தாறுதானாப்பா?"

அப்பா டேப்பை உருவிச் சுருட்டினார். "முதல் வாரம் தெரியாமத்தான் செஞ்சேன். அப்புறம் தெரிஞ்சேதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெத்த பிள்ளையவே ஏமாத்துவீங்களா? போக வேணாம்னா வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நின்னுடுவான்" என்றார் அப்பா. "எனக்காக நின்னுட்டான்னா, காலம் பூரா அவன் முகத்துல நான் எப்படி முழிக்கறது? அவங்களே வேணாம்னு அனுப்பிட்டா யார் மேலயும் குறையில்லன்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் எல்லையில் அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற அவர் பயம்தான் எனக்கும். வாய்த் துடுக்கால் அதை மூடிவைத்திருந்தேன்.

தம்பி கத்தவில்லை. உள்ளே போய், அழைப்புக் கடிதத்தோடு வந்திருந்த ஒரு தாளைக் கொண்டுவந்தான். பரிசோதனையை இருபது நாள் தள்ளிவைக்கக் கேட்கும் படிவம்; அப்போதும் அவனுக்கு இருபத்தொன்று நிறைந்திருக்காது. எழுபத்தெட்டு இருக்கிற தைரியத்தில் நாங்கள் யாரும் அதைச் சீண்டவே இல்லை. நாளை மதியத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அப்பாவின் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது.

"இருபது நாள்ல ஒரு சென்டி ஏத்திடுவேன்பா" என்றான். "வேணாம்னா இப்பவே என் முகத்தப் பாத்துச் சொல்லிடுங்க. நின்னுடறேன். உங்க மேல கோவப்பட மாட்டேன்."

அப்பா படிவத்தை இரண்டு முறை படித்தார். சாக்பீஸ் தூள் படிந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். தையல் மிஷின் மேலேயே வைத்து, நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"கையத் தூக்கு" என்றார்.

தம்பி தூக்கினான். டேப் தோலோடு ஒட்டிச் சுற்றியது. அப்பா குனிந்து பார்த்தார்.

"எழுபத்தாறு." என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "எழுதிக்கம்மா. இன்னும் ஒண்ணுதான் வேணும் நமக்கு."