மூன்று விலைப்புள்ளிகள்

ஆணி வாங்குவதானாலும் மூன்று விலைப்புள்ளி கேட்டு, குறைந்ததில் டிக் போடுவது என் பிழைப்பு. கொள்முதல் குமாஸ்தா. பதினெட்டு வருடப் பழக்கம் லேசில் விடுமா? அக்கா விஷயத்திலும் அதையே செய்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. அத்தானும் அப்படியே. கையால்தான் பேசுவார்கள், சண்டை வந்தால் நாலு கையும் பறக்கும். அத்தான் கடல் கடந்து வெல்டர் வேலையில் இருந்தார். திங்கட்கிழமை காலை அக்காவுக்கு இதய ஆபரேஷன். "பிழைக்கிறது பாதிக்குப் பாதிதான்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதற்குள் அத்தானோடு ஒரு தடவை பேச வேண்டும் என்று அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசும் வசதி அப்போதுதான் வந்திருந்தது. மூன்று இடம் விசாரித்தேன். ஒரு பெரிய கம்பெனியின் கூட்ட அறை: ஆறு தொலைபேசி இணைப்பைச் சேர்த்துப் படம் அனுப்புவார்கள், ஒரு மணி நேரத்துக்கு என் இரண்டு மாதச் சம்பளம், இரண்டு நாள் முன்பே பதிய வேண்டும். கல்லூரியில் இலவசம், ஆனால் நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. மூன்றாவது, பஸ் நிலையத்துக்கு எதிரே இன்டர்நெட் கடை. ஒரே போன் லைன், குட்டிக் கேமரா, சினிமா டிக்கெட் காசு.

வெள்ளிக்கிழமை போய்ச் சோதித்தேன்.

"ஹலோ, கேக்குதா?"

"பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு!" என்றார் அந்தப் பக்கம் அத்தானின் அறைத்தோழர்.

"நான்தான் சொன்னேனே சார், அந்தக் கம்பெனி ரூமுக்குக் கொட்டிக் குடுக்கறது தண்டம்" என்றார் கடைக்காரர். டிக் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா திரை முன் உட்கார்ந்தாள். மூன்று விநாடிக்கு ஒரு படம் வந்தது. அத்தானின் கை ஒரு படத்தில் மார்பில் இருந்தது, அடுத்ததில் காணோம். நடுவில் இருந்த சொல்லெல்லாம் எங்கே போயிற்றோ.

"வேகமாக்குங்க!" என்று கத்தினேன்.

"இதுக்கு மேல போகாது சார். சத்தம் நல்லாத்தானே வருது?"

காது கேட்காத இரண்டு பேருக்காகச் சத்தத்தைச் சோதித்த மேதை நான்! கம்பெனி அறைக்குப் போன் போட்டேன். "நாளன்னிக்குத்தான் கிடைக்கும்" என்றார்கள்.

அக்கா முயற்சியை விடவில்லை. 'பயமாக இருக்கிறது' என்ற ஒன்றை மட்டும் கையில் காட்டி, அசையாமல் அப்படியே பிடித்திருந்தாள். அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஸ்பீக்கரில் அத்தான் வாய்விட்டு அழ ஆரம்பித்தார். கடையே திரும்பிப் பார்த்தது. திரையில் அவர் படம் பல் தெரிய அப்படியே நின்றுவிட்டது.

அக்கா என் தோளைத் தட்டிக் கையால் கேட்டாள்: 'சிரிக்கிறாரா?'

நான் தலையாட்டினேன். ஸ்பீக்கரில் அழுகை ஓயவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரையைப் பார்த்துத் தானும் சிரித்தாள்.