பொம்மைக்குப் பிடித்தவள்

"அம்மா, பொம்மைக்கு உன்னைவிட அந்த அக்காவைத்தான் ரொம்பப் புடிக்குமா?"

நர்ஸிங் கல்லூரியின் பயிற்சி அறைக்கு ஒருநாள் கூட வந்திருந்த மகள் இப்படிக் கேட்டுவிட்டாள். பெரியக்காவுக்குச் சுருக்கென்றது. பிள்ளை பெற்ற பிறகு படிக்க வந்தவள் என்பதால் வகுப்பில் அவளுக்கு அந்தப் பெயர்.

குழந்தை கேட்டதிலும் தப்பில்லை. ஊசி போட்டுப் பழக வைத்திருந்த அந்த ரப்பர் பொம்மை, ஊசி நரம்பைத் தவறவிட்டால் "ஐயோ!" என்று கத்தும். பெரியக்காவிடம் அது கத்தாத நாளில்லை. 'தொண்ணூத்தெட்டு' தொட்டாலோ கம்மென்று கிடக்கும். சுவர்த்திரையில் எப்போதும் முதலில் நிற்கும் மதிப்பெண்ணே அந்தப் பெண்ணுக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

"என்னக்கா, இன்னிக்கும் அழுதுச்சா?" என்று தொண்ணூத்தெட்டு கேட்டாள்.

"என்மேல பாசம் ஜாஸ்தி, அழுவுது. நீ கைராசிக்காரி, உனக்கென்னடி!"

வாய் சிரித்தது, வயிறு எரிந்தது.

வெள்ளிக்கிழமை தேர்வு. தேறினால்தான் வார்டு; இல்லாவிட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். வியாழன் மாலை பொம்மையோடு பழகக் கடைசி ஒரு மணி நேரம். முன்பதிவுக் கணினியில் அதற்கு நேரே தொண்ணூத்தெட்டின் பெயர் இருந்தது. 'நிறைஞ்ச குடத்துக்கு எதுக்குத் தண்ணி?' என்றது மனசு. அறையில் யாருமில்லை. பெரியக்கா அந்தப் பெயரை அழித்துத் தன் பெயரைப் போட்டாள்.

வியாழன் மாலை தொண்ணூத்தெட்டு வாசலில் வந்து நின்றாள்.

"என் பேரைக் காணோம்க்கா. நான்தான் சரியா அழுத்தல போல. பரவால்ல, நீங்க பண்ணுங்க."

அவள் போனதும் பெரியக்கா பொம்மையோடு இணைத்திருந்த கணினியைத் தட்டினாள். காலையில் பழகிய தொண்ணூத்தெட்டு தன் பக்கத்தை மூடாமல் போயிருந்தாள். முயற்சி அறுபத்து மூன்று, தவறு ஐம்பத்தொன்று; எல்லாம் அறையில் யாருமில்லாத நேரங்களில். சுவர்த்திரை காட்டியதெல்லாம் அவளது சிறந்த ஒரே ஒரு முறையைத்தான். கீழே, தனக்குத்தானே எழுதிக்கொண்ட குறிப்பு: 'இன்னும் கை நடுங்குது. சாயங்காலம் ஒரு மணி நேரம் இருக்கு. பயப்படாதே.'

"சாமி, என்னை மன்னிச்சிரு" என்று பெரியக்கா வாய்க்குள் முணுமுணுத்தாள். பிறர் குறிப்பைப் படித்த கூச்சத்தோடு அந்தப் பக்கத்தை மூடினாள். முன்பதிவில் தன் பெயரை எடுத்துவிட்டு அந்தப் பெண்ணின் பெயரை மறுபடி போட்டாள். பெயர் ஏறினால் அவள் போனுக்குச் செய்தி தானாகவே போய்விடும். யார் மாற்றினார்கள் என்று அதில் வராது.

பொம்மையின் கையைத் துடைத்து, தட்டில் புது ஊசி எடுத்து வைத்து, நாற்காலியை அந்தப் பெண்ணின் உயரத்துக்குத் தாழ்த்தினாள். இனி வீட்டில் துண்டைச் சுருட்டி வைத்துத்தான் பழக வேண்டும். அதுவாவது கத்தாது.

முன்படியில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. பெரியக்கா பின்படி வழியே இறங்கினாள்.