வணக்கம், சீனியர்

பொழுது விடியுமுன்பே பெரிய தட்டுகளில் ஆவி பறக்கும் சோற்றைக் கிளறத் தொடங்கிவிடுவோம். கையுறைக்குள் விரல் வேகும். சோற்றை முக்கோணமாக அழுத்திக் கடற்பாசித் தாளில் சுற்றக் குளிரறைக்குள் போனால், வெந்த விரலே மரத்துப்போகும். இன்சோன் நகரத்து மக்கள் அந்தச் சோற்றைக் கடையில் வாங்கி, தின்றபடியே வேலைக்கு ஓடுவார்கள்.

கிளறி முடித்ததும் வரிசையில் நின்று, கையை உயர்த்தி, "இன்றும் மகிழ்ச்சி!" என்று கத்த வேண்டும். முதலாளி பெ சாங்குக்கின் ஏற்பாடு அது. சத்தம் குறைந்தால் மறுபடி கத்தச் சொல்வார். மகிழ்ச்சியைக்கூட மிரட்டி வாங்குகிற ஆள்.

என் பக்கத்தில் நிற்பவள் ஹேரியோங். உணவு அறிவியலில் முதுகலை. பிள்ளை பெற்றதும் பழைய கம்பெனி கழற்றிவிட்டது. பிறகு ஏறிய படியெல்லாம், "இவ்வளவு படிச்சவங்க இங்க நிலைக்க மாட்டீங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் பள்ளிப்படிப்பு மட்டும்தான் என்று சொல்லி இங்கே சேர்ந்தாள். அது எனக்கு மட்டும் தெரியும்.

அன்று கிளறி முடித்து வரிசையில் நின்றபோது, முதலாளி புது மேற்பார்வையாளரைக் கூட்டி வந்தார். பெயர் தொங்யூன், டை கட்டிய பையன். "இவரு உணவு அறிவியல் படிச்சவரு. இனிமே இவரு சொல்றதுதான்."

பையன் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தான். ஹேரியோங் முன்னால் வந்ததும் இடுப்புவரை குனிந்தான். "வணக்கம், சீனியர்!"

படித்த காலத்துப் பழக்கம், உடம்பு தானாகக் குனிந்துவிட்டது. அப்புறம்தான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"யாருக்கு யார் சீனியர்?" என்றார் முதலாளி.

"காலேஜ்ல... எனக்கு ரெண்டு வருஷம் மூத்தவங்க சார்."

முதலாளியின் முகம் சிவந்தது. "பொய் சொல்லியா உள்ள வந்தே? மூட்டையைக் கட்டு!"

"உண்மையைச் சொல்லியிருந்தா எடுத்திருப்பீங்களா?" என்றாள் ஹேரியோங்.

"எடுத்திருக்கவே மாட்டேன். படிச்ச பொம்பளை கேள்வி கேப்பா."

"அதே படிப்புக்கு அவருக்கு டை, எனக்குக் கையுறையா?"

"அவன் ஆம்பளை. குடும்பத்தைக் காப்பாத்தணும்."

"எங்க வீட்டு அடுப்பு மட்டும் தானாவே எரியுதா சார்?"

 இவளுடைய கையின் உழைப்பை உறிஞ்சிக்கொண்டு, மூளையைக் குற்றம் என்கிறான்!

"வேற எவளாவது படிப்பை மறைச்சிருந்தா இப்பவே சொல்லிடணும்!" என்று முதலாளி கத்தினார்.

பொட்டலம் கட்டும் யோங்நான் கையை உயர்த்தினாள். "நான் கணக்குப் பட்டதாரி." பின்னாலிருந்து ஒருத்தி, "நான் சரித்திரம்" என்றாள். கைகள் ஒவ்வொன்றாக எழும்பின. இத்தனை பேரா என்று எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

நானும் உயர்த்தினேன்.

"நீ எந்தக் காலேஜ், கெழவி?"

"ஆறாங்கிளாஸ். ஆனா அவ வெளிய போனா, நானும் போறேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி பையனிடம் திரும்பினார். "கோஷத்தை ஆரம்பி!"

பையன் ஹேரியோங்கைப் பார்த்தான். தலையைக் கவிழ்த்துக்கொண்டான். 

கடைசியில் முதலாளியே கத்தினார். "இன்றும் மகிழ்ச்சி!" அவர் குரல் ஒன்றுதான் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

வெளியே, கடைகளுக்குப் பொட்டலம் ஏற்ற வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். தட்டுகளில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. "அவ இருந்தாத்தான் சோறு லாரி ஏறும் சார்" என்றாள் யோங்நான். கோஷத்துக்கென்று தினமும் உயர்த்திப் பழகிய கைகள். ஒருத்தியும் இறக்கவில்லை.