தொட்டில் வண்டி

குழந்தைகள் காப்பகத்தின் போன மாதத் தீ ஒத்திகையில், மணி அடித்ததும் ஆயாவின் கால்கள் பக்கத்து அறையிலிருந்த சொந்த மகளிடம் ஓடிவிட்டன. அவள் பொறுப்பிலிருந்த நான்கு கைக்குழந்தைகளும் தொட்டில் வண்டியிலேயே கிடந்தார்கள்.

"நெஜமாவே தீப்பிடிச்சிருந்தா அதுங்க கதி என்னம்மா? இன்னொரு தடவ இப்படின்னா வேற ஆளப் பாத்துக்கறேன்," என்றார் மேலாளர்.

இன்றைய ஒத்திகையில் மணி அடித்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். நடைவழியில் "அம்மா!" என்ற குரல் முதுகில் மோதியது. திரும்பினால் கால்கள் மறுபடி காட்டிக்கொடுத்துவிடும். அவள் திரும்பவில்லை.

"இப்படித்தான் இருக்கணும்! கல்லு மாதிரி போனியே!" என்று மேலாளர் கைதட்டினார்.

மாலையில் மகளிடம் கை நீட்டினாள். குழந்தை தன் அறை ஆசிரியையின் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

"வாடி, வீட்டுக்குப் போலாம்."

"நீ போ. அந்தப் பாப்பாங்களயே கூட்டிட்டுப் போ."