ஹிசமோரி பாக்கி வைத்த மன்னிப்பு

ஹிசமோரி கார் நிறுவனம் தான் விற்ற ஒவ்வொரு காருக்காகவும் ஒருமுறையாவது நேரில் வந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறது. விற்றது நாற்பத்தொரு லட்சம் கார். அதில் ஒரே ஒரு கார்தான் மன்னிப்புக் கேட்கப்படாமல் பாக்கி நின்றது. அது உடுமலைப்பேட்டையில், தளி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், நாச்சிமுத்து வீட்டு வாசலில் நின்றது.

நாச்சிமுத்து நூல் மில்லில் தரம் பார்க்கும் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருஷம் நூலில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர். வீட்டுச் சாம்பாரிலும் குறை சொல்லுவார், ஊர்த் தேரிலும் குறை சொல்லுவார். காரை மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாங்கி இருபத்து நாலு வருஷத்தில் அது நடுரோட்டில் ஒரு நாள் நின்றதில்லை. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஏறி 'குறையில்லாத கார்க்காரர் வீடு' என்றால் போதும், கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். புதுக் கார் எடுக்கப்போகிறவர்கள் முதலில் குடும்பத்தோடு இங்கே வந்து அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போவார்கள். அவர்கள் சுற்றும்போது நாச்சிமுத்து கைகட்டி ஓரமாக நிற்பார். அந்த மரியாதையில்தான் மனுஷன் சாப்பிட்ட சோறு செரித்தது.

கார் வந்த புதிதில் ஒரே ஒருவர்தான் அதை மதிக்கவில்லை. அவர் நாச்சிமுத்துவின் மாமனார் காளியப்பன். பொள்ளாச்சியிலிருந்து காரைப் பார்க்க வந்தவர், சுற்றிப் பார்த்தார், கதவைத் திறந்து மூடினார், கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டார்.

"எல்லாஞ் சரிங்க மாப்ள. ஜப்பான்காரன் வண்டியாச்சே, ஸ்பேர் கெடைக்குமுங்களா?"

குறையே வராத வண்டிக்கு ஸ்பேர் எதற்கு என்று நினைத்துக்கொண்டு நாச்சிமுத்து காரைத் துடைக்கப் போனார். மாமனார் நாலு வருஷத்தில் இறந்துபோனார்.

ஹிசமோரியின் பெயர் வளர்ந்த கதை அந்த நிறுவனத்தில் சேர்கிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்லப்படும். ஆதியில் அவர்கள் குடை செய்தார்கள். பிறகு கார் செய்தார்கள். முதல் காரை வாங்கிய பள்ளி ஆசிரியையின் மடியில், முதல் வாரமே, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி கழன்று விழுந்தது. முதலாளி பனியில் குடை பிடித்து நடந்து போய், அந்த அம்மாள் வீட்டு முற்றத்தில் நாற்பத்தைந்து டிகிரி குனிந்து அரை நாள் நின்றார். வேடிக்கை பார்க்க வந்த தெருக்காரர்களில் பதினோரு பேர் மறு மாதமே கார் பதிவு செய்தார்கள். பக்கத்து ஊரில் ஒரு கம்பெனி குறையே இல்லாத கார் செய்துகொண்டிருந்தது. அதன் பெயர் இப்போது யாருக்கும் ஞாபகமில்லை.

அன்றிலிருந்து நிறுவனத்தில் மன்னிப்பு இலாகா என்று ஒன்று இருந்து, உலகமெல்லாம் போய்க் குனிந்து, வேலையை முடித்துக்கொண்டே வந்தது. நிறுவனத்தின் சரித்திரத்தை அச்சடிக்கும் வேலை கடைசிப் பக்கத்தில் நின்றது. அந்தப் பக்கத்தில் உடுமலைப்பேட்டை என்று மட்டும் போட்டுக் கீழே காலியாக விட்டிருந்தார்கள். அதை நிரப்புவதற்காக இலாகாவில் மிச்சமிருந்த ஒரே அதிகாரி ஒகினோ, அறுபத்து நாலு வயதுக்காரர், ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தார். இது முடிந்தால் அவருக்கு ஓய்வு. முடியாவிட்டால் ஓய்வு கிடையாது. ஊரில் அவர் மனைவி ஏழு வருஷமாகப் பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு, அவரோடு வெந்நீர் ஊற்றுக்குப் போகக் காத்திருந்தாள்.

"வணக்கம். தங்களிடம் மன்னிப்புக் கேட்க வந்துள்ளேன். குறையைத் தெரிவிக்க வேண்டுகிறேன்" என்றார் ஒகினோ, படித்துவந்த தமிழில்.

"கொறையா? இதுலயா?" என்றார் நாச்சிமுத்து. "காப்பி சாப்பிட்டுப் போட்டுக் கெளம்புங்க."

ஒகினோ காப்பி சாப்பிட்டார். கிளம்பவில்லை. மாடியறையில் தங்கிக்கொண்டார். தினமும் காலை ஒன்பது மணிக்குக் கோட்டுப் போட்டுக் கீழே வந்து, காருக்குப் பக்கத்தில் பத்து டிகிரி சாய்ந்து நிற்பார். குறை சொன்னதும் மிச்சத்தைக் குனிந்துகொள்ள வசதியாக இருக்கும் என்று.

மெக்கானிக் ரபீக்கை வரவழைத்தார்கள். அவர் மூன்று நாள் காரைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எந்த வண்டின்னாலும் நாலு கம்ப்ளைண்ட் சொல்லிருவனுங்க. அதுதான் பொழப்பு. இதுல சொல்றதுக்கு நாக்குக் கூசுது."

அக்கம்பக்கத்தில் இரக்கப்பட்டவர்கள் ஆளுக்கொரு குறையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருவர் ஆணியால் ஒரு கீறல் போட்டுத் தருவதாகச் சொன்னார். ஒகினோ மரியாதையாக மறுத்துவிட்டார். அடுத்தவர் செய்த குறையை ஹிசமோரி ஒருநாளும் தன்னுடையதாகச் சொல்லிக்கொண்டதில்லை.

ஆறு வாரம் போயிற்று. நாச்சிமுத்துவின் மனைவி மயிலாத்தாளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சாய்ந்தே நின்று பழகிய முதுகு, உட்கார்ந்து சாப்பிடும்போதும் நிமிரவில்லை. "தம்பி, இன்னுங் கொஞ்சம் ராகிக் களி வெச்சுக்குங்க" என்று உருண்டையைத் தட்டில் போடுவாள். ஒகினோவும் இப்போது எல்லா வார்த்தைக்கும் பின்னால் ஒரு 'ங்க' போடக் கற்றிருந்தார். அந்த வட்டாரத்தில் நாயை விரட்டுவதற்கும் 'போங்க' என்பார்கள், அதனால் அவருக்கு அது தன் ஊர் மாதிரியே இருந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை, தூறல் போட்டதால் ஒகினோ காருக்குள் உட்கார்ந்தார். எதிரே முள் வைத்த சின்னக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் மணி நாலு ஐம்பத்தொன்று. அவர் கையில் ஐந்து. சற்று நேரம் இரண்டையும் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். குறையை வாடிக்கையாளர்தான் சொல்லவேண்டும். நிறுவனமே கண்டுபிடித்துச் சொன்னால் அது மன்னிப்பாகாது, விளம்பரமாகிவிடும்.

அவர் கழற்றியதை நாச்சிமுத்து ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டார்.

கார்க் கடிகாரம், கார் வாங்கிய முதல் வாரத்திலிருந்தே நாளைக்கு ஒன்றரை நிமிஷம் பின்தங்கியது. நாச்சிமுத்து ஞாயிறுதோறும் கார் கழுவுகிற சாக்கில் உள்ளே உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் முள்ளைத் திருப்பிவைத்துவிடுவார். திங்கள் காலையில் பெரிதாகத் தெரியாது. சனிக்கிழமை மாலைக்கு ஒன்பது நிமிஷம் ஆகிவிடும். சொந்த வீட்டுக் குறையை வெளியே சொல்வார்களா என்று அவர் அதை மூடியே வைத்திருந்தார்.

தூறல் விட்டதும் மூவரும் வாசலில் உட்கார்ந்தார்கள். காப்பியோடு வந்த மயிலாத்தாள் பேச்சுவாக்கில் ஆஸ்பத்திரிக் கடிகாரத்தைப் பற்றி ஆரம்பித்தாள். மாதம் ஒரு தடவையாவது அவள் அதைத் திட்டாமல் இருப்பதில்லை.

"எங்கப்பா பொள்ளாச்சில ஆஸ்பத்திரில கெடந்தாருங்க தம்பி. அஞ்சு மணி வரைக்குந்தான் உள்ள உடுவாங்க. நாங்க போனது நாலு அம்பத்தஞ்சு. அங்க செவுத்துல மாட்டியிருந்த பாழாப்போன கடியாரம் அஞ்சு நாலுங்குது. முன்னால ஓடுற கடியாரம். அத நம்பிக் கதவச் சாத்திட்டாங்க. ஏழு மணிக்கு அப்பா போயிட்டாரு. கண்ணுல பாக்கல."

ஒகினோவின் முதுகு இன்னும் ஒரு டிகிரி குனிந்தது. அதை நாச்சிமுத்து பார்த்தார். குறைகளைப் பார்த்தே பழகிய கண் அது, ஒரு டிகிரியைத் தவறவிடாது.

மாமனாரைப் பார்க்கப் போன அந்தச் சனிக்கிழமை, வழியில் கோமங்கலத்தில் காரை நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். நேரம் இருக்கிறது என்று கார்க் கடிகாரம் சொன்னது. ஒன்பதைக் கூட்டிக்கொள்ள மறந்துபோனார். கையில் கட்டியிருந்த கடிகாரத்தை, ஹிசமோரியே இருக்கும்போது இது எதற்கு என்று கார் வந்த அன்றே மச்சினனுக்குக் கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலில், கதவைப் பிடித்துக்கொண்டு அழுதவளிடம், 'அவங்க கடியாரம் முன்னால ஓடுது' என்று சொன்னதும் அவர்தான். இருபது வருஷம் அவள் அந்தச் சுவர்க் கடிகாரத்தைத் திட்டினாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார்.

இப்போது வாய் திறந்தால் ஊரில் பெயர் போய்விடும், வீட்டில் என்ன போகும் என்றே தெரியாது. ஆனாலும் சொல்லிவிட்டார்.

"கார்க் கடியாரம் மெதுவா ஓடுதுங்க. அன்னிக்கு ஒம்பது நிமிசம். ஆஸ்பத்திரிக் கடியாரம் சரியாத்தான் ஓடுச்சு."

மயிலாத்தாள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

ஒகினோ கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நாச்சிமுத்துவை விட்டுவிட்டு, மயிலாத்தாள் பக்கம் திரும்பி நின்றார். நாற்பத்தைந்து டிகிரி குனிந்தார். ஒன்பது நிமிஷம் நிமிரவில்லை. நாச்சிமுத்துவும் என்ன செய்வதென்று தெரியாமல் அவருக்குப் பக்கத்தில் போய் நின்று குனிந்தார். இடுப்பு வலியில் இருபது டிகிரிக்கு மேல் வரவில்லை. மயிலாத்தாள் இருவரையும் பார்த்தாள். பால் பொங்குகிற சத்தம் கேட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை அவள் பொள்ளாச்சிக்குப் போகவேண்டும் என்றாள். மூவரும் காரில் போனார்கள். ஆஸ்பத்திரி வரவேற்பில் அதே கடிகாரம் அதே சுவரில் இருந்தது. மயிலாத்தாள் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் கைகூப்பிக் குனிந்தாள்.

"இருவது வருசமாத் தப்பா நெனச்சுட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

முப்பது டிகிரி என்று ஒகினோ மெதுவாகச் சொன்னார். வரவேற்பில் இருந்த பெண் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

ஒகினோ மறு வாரம் நேராக நிமிர்ந்து ஊருக்குப் போனார். சரித்திரம் அச்சாகி வெளிவந்தது. ஒன்பது நிமிஷத்துக்காகக் கடல் தாண்டி வந்த கம்பெனி என்று கேள்விப்பட்டு உடுமலையில் பதினாலு பேர் ஹிசமோரி பதிவு செய்தார்கள். நாச்சிமுத்துவுக்குப் போயிருக்கவேண்டிய பெயர் போகவில்லை, இன்னும் கொஞ்சம் வளர்ந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. மயிலாத்தாள் அவரோடு பேசுவதில்லை. தட்டு வரும், தண்ணீர் வரும், வார்த்தை வராது. சாம்பாரில் குறை சொல்ல இப்போது அவருக்குத் தைரியமும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து மயிலாத்தாள் பெயருக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. வைக்கோலுக்கு நடுவே பத்திரமாக ஒன்பது நிமிஷம் வைத்து அனுப்பியிருந்தார்கள். கூடவே தமிழில் ஒரு கடிதம். தங்களுக்கு நேர்ந்த இழப்பை நிறுவனம் ஈடுசெய்கிறது என்றும், உரிமையாளர் ஞாயிறுதோறும் தாமே சரிசெய்துகொண்ட நிமிடங்களுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்றும் எழுதியிருந்தது. குளிர்ந்த இடத்தில் வைக்கவும், திறந்தவுடன் உபயோகிக்கவும்.

மயிலாத்தாள் அதைச் சனிக்கிழமை வரை ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். நாலு ஐம்பத்தொன்றுக்குத் திறந்தாள்.

காளியப்பன் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சாப்ட்டீங்களாப்பா?"

"ஆச்சு கண்ணு. நீ எளச்சுப் போயிட்ட."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு காப்பி போட உள்ளே போனாள். பால் காய மூன்று நிமிஷம் போயிற்று. அப்பாவுக்குக் காப்பி கொடுக்காமல் எப்படி அனுப்புவது. அவர் டம்ளரோடு எழுந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார், கதவைத் திறந்து மூடினார், மருமகனைப் பார்த்தார்.

"ஸ்பேர் கெடைக்குதுங்களா மாப்ள?"

"கெடைக்குதுங்க மாமா" என்றார் நாச்சிமுத்து. கண் கலங்கியது.

"அப்பச் சரி" என்று காப்பியைக் குடித்து முடித்து, மகள் தலையில் கைவைத்துவிட்டு, சரியாக ஐந்து மணிக்குக் காளியப்பன் கிளம்பிப் போனார்.

மயிலாத்தாள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் புருஷனைப் பார்த்துப் பேசினாள்.

"ஏனுங்க, நாளைக்குக் கடியாரத்தத் திருப்பி வெக்காதீங்க. அப்படியே உட்டா வருசத்துக்கு எவ்வளவு ஆகும்?"

நாச்சிமுத்து விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "ஒம்பது மணி நேரத்துக்குக் கிட்ட வரும்."

"அப்ப அடுத்த பொங்க நோம்பிக்கு அப்பாவுக்கு எலை போட்டுச் சாப்பாடே வெச்சிரலாம்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நாச்சிமுத்து காரை வெளிப்பக்கம் மட்டும் கழுவினார்.